வெயில், தோல், புற்றுநோய்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பாலக்கோடு பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததும் இரண்டு வகை ஆட்கள் தோலைப் பற்றிப் பேச வருவார்கள். ஒருவர் கல்லூரி மாணவி. சன்ஸ்கிரீன் பூசாவிட்டால் புற்றுநோய் வந்துவிடும் என்று எங்கோ பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய எண் போட்ட டியூப்பைக் கேட்பார். இன்னொருவர் மண்டியில் தக்காளிக் கூடை இறக்கிவிட்டு வரும் பெரியவர். உள்ளங்காலில் ஆறு மாதமாக ஆறாத புண்ணுக்கு “ஏதாவது ஆயின்மென்ட்” கேட்பார். பயம் முழுவதும் மாணவியிடம் இருக்கிறது. அதில் பாதியையாவது பெரியவருக்குக் கொடுக்க முடிந்தால் நன்றாக இருக்கும். நான் மருத்துவர் அல்ல, மருந்தாளுநர். நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை இல்லை. கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு நின்று நிதானமாகச் சொல்ல முடியாத பதில்களை இங்கே எழுதுகிறேன்.

கறுப்புத் தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்கிறார்களே, உண்மையா?

முக்கால் உண்மை. தோலுக்கு நிறம் தரும் மெலனின், புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொண்டு அடியில் உள்ள செல்களின் மரபுப் பொருளைக் காக்கிறது. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளையர்களிடம் தெருவுக்குத் தெரு காணப்படும் இந்த நோய் நம்மிடம் மிகக் குறைவு. ஆனால் மெலனின் குடை மாதிரி, கூரை அல்ல. நாற்பது ஆண்டுகள் வயலில் நின்றவரின் கழுத்தையும், ஆண்டு முழுவதும் சட்டைக்குள் இருந்த அவருடைய தோள்பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வயதுத் தோல் என்று நம்பமாட்டீர்கள்.

மீதிக் கால் பங்கில்தான் சிக்கல். நம்மிடம் அரிது என்பதால் யாரும் தேடுவதில்லை. தேடாததால் முற்றிய பிறகே தெரிகிறது. மேலும், நமக்கு வரும்போது அது பல நேரம் வெயிலே படாத இடத்தில் வருகிறது. உள்ளங்கால், நகத்தடி, பழைய தீக்காயத் தழும்பு. சன்ஸ்கிரீன் விளம்பரங்கள் இந்த இடங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எத்தனை வகை இருக்கிறது?

முக்கியமாக மூன்று. முதலாவது அடிச்செல் புற்று. பெரும்பாலும் மூக்கோரம், இமை, கன்னம் ஆகிய இடங்களில் வரும். வெள்ளையர்களுக்கு முத்துப்போல வெளிறிய கட்டியாக இருப்பது, நமக்கு மினுமினுப்பான கறுத்த முடிச்சாக இருக்கும். மச்சம் என்று விட்டுவிடுவார்கள். பரவுவது மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்தையே எலி அரித்ததுபோல அரித்துக்கொண்டு போகும்.

இரண்டாவது செதிள் செல் புற்று. தடித்த, சொரசொரப்பான திட்டாகவோ, ஓரம் மேடிட்ட புண்ணாகவோ வரும். கறுத்த தோலில் பழைய தழும்பும் ஆறாத புண்ணும் இதற்குப் பிடித்த இடங்கள். விட்டுவைத்தால் நெறிக்கட்டுக்குப் பரவும்.

மூன்றாவது மெலனோமா. நிறம் உண்டாக்கும் செல்களிலிருந்து வருவது. மூன்றில் அரிதானது இதுதான், ஆபத்தானதும் இதுதான். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் இதுதான் வந்தது. பந்தாட்டத்தில் பட்ட அடி என்று முதலில் நினைத்தார்கள். 1981-இல் 36 வயதில் இறந்துபோனார்.

நம் ஊரில் எந்த மாதத்து வெயில் மிகக் கடுமை? கத்திரி வெயில்தானே?

சூட்டுக்குக் கத்திரி. புற ஊதாவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. வெப்பமும் புற ஊதாக் கதிரும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் பாதியைப் படித்துவிட்ட மாதிரி.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 12 முதல் 12.5 பாகையில் இருக்கின்றன. சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. ஏப்ரல் 22, 23 வாக்கில் ஒரு முறை, அதாவது கத்திரி தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னரே. ஆகஸ்ட் 20, 21 வாக்கில், ஆவணி பிறந்த கையோடு, இன்னொரு முறை. ஆடிக்காற்று அடங்காத அந்த நாட்களில் உடம்பு சுடாததால் யாரும் துண்டுகூடப் போடுவதில்லை. மார்கழி நடுப்பகலில்கூடச் சூரியன் 54 பாகை உயரத்தில் நிற்கிறது. காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனவர், மதியம் அதே வயலில் நல்ல அளவு புற ஊதாவில்தான் நிற்கிறார்.

உலக சுகாதார நிறுவனம் புற ஊதாக் குறியீடு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 3-க்கு மேல் போனால் பாதுகாப்பு வேண்டும், 8-க்கு மேல் மிக அதிகம், 11-க்கு மேல் அதீதம். தென்னிந்தியாவில் வானம் தெளிவாக இருக்கும் பங்குனி, சித்திரை மதியங்களில் 11-ஐத் தாண்டுவது வாடிக்கை. கைபேசியின் வானிலைச் செயலியில் வெப்பநிலைக்குக் கீழே இந்த எண் இருக்கும். நாம் யாரும் அவ்வளவு தூரம் கீழே போய்ப் பார்ப்பதில்லை.

ஓசூர் குளுமையான ஊர். அங்கே இந்தக் கவலை குறைவுதானே?

இல்லை, ஒரு கைப்பிடி கூடுதல். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதா ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர். தேன்கனிக்கோட்டை, வத்தல்மலை, சித்தேரி மலை ஊர்களுக்கும் இதே கணக்கு. காற்று குளிர்வதால் தோல் சுடுவதை உணராமல் அதிக நேரம் வெளியில் நிற்கிறோம். ஏமாற்றுவது அந்தக் குளுமைதான்.

மேகமூட்டமாக இருந்தால்?

மெல்லிய மேகம் புற ஊதாவில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். கருமேகம் திரண்டு இருட்டினால் மட்டுமே நம்பலாம்.

எந்த நேரத்தில் வெளியே போகக் கூடாது?

காலை 10 முதல் மாலை 3 அல்லது 4 வரை என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். கூலி வேலைக்குப் போகிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு நிழலைப் பார்க்கச் சொல்வேன். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா கடுமையாக இருக்கிறது. நீளமாக இருந்தால் பரவாயில்லை. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 12.15 வாக்கில். களையெடுப்பு, மாங்காய் பறிப்பு, ஏர் ஓட்டுவது இவற்றையெல்லாம் விடியலில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிட்டு, கூழைக் குடித்துவிட்டுப் புளியமரத்தடியில் சாய்ந்த முன்னோருக்குக் குறியீடெல்லாம் தெரியாது. நிழல் தெரியும்.

ஆனால் மாஞ்சோலைக் குத்தகைக்காரர் லாரி வருவதற்குள் பெங்களூரா காயைப் பறித்து முடிக்கச் சொல்கிறார், கல் குவாரியில் ஷிப்ட் இருக்கிறது, நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு இருக்கிறது. நேரம் கையில் இல்லாதவருக்கு உடைதான் வழி.

அப்படியானால் எதை உடுத்திக்கொள்வது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானே போட்டுக்கொண்டேன். ஏனென்றால் சரியான பதில் ஏற்கெனவே நம் வயல்களில் நடமாடிக்கொண்டிருக்கிறது. நடவுக்கும் களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்கள், புடவைக்கு மேலே வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்களே, அதைவிடச் சிறந்த பாதுகாப்பை நான் கடையில் விற்கவில்லை. பூசத் தேவையில்லை, வியர்வையில் வழியாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதில்லை, செலவும் இல்லை. மண்வெட்டி பிடிக்கும் ஆண்கள் பலர் அதே நேரத்தில் சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு வெற்று முதுகோடு நிற்கிறார்கள். காற்றாட இருக்கிறது என்பார்கள். தளர்வான சட்டைக்குள்ளும் காற்று ஆடும்.

துணியில் பார்க்க வேண்டியது நெசவின் நெருக்கம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறதோ அவ்வளவு கதிரும் வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி பெரிதாகத் தடுக்காது. ஜீன்ஸ் துணி ஏறக்குறைய முழுவதையும் தடுக்கும், ஆனால் சித்திரையில் அதைப் போட்டுக்கொண்டு நாற்று நடச் சொல்ல எனக்கு மனம் வராது. நடுத்தர கனமுள்ள, கொஞ்சம் அடர்நிறப் பருத்திச் சட்டை போதும். வெளுத்து நைந்துபோனதும், நனைந்து உடம்போடு ஒட்டியதும் குறைவாகவே காக்கும்.

தலைத்துண்டு கட்டினால் போதாதா?

உச்சந்தலைக்குப் போதும். காது, மூக்கு, பிடரி மூன்றையும் அது வெயிலுக்கே விட்டுவிடுகிறது. வெயிலால் வரும் புற்று முகத்தில் தேடும் இடங்களும் இவைதான். சுற்றிலும் மூன்று அங்குல விளிம்புள்ள தொப்பி நல்லது. தொப்பி போட்டால் கேலி செய்வார்கள் என்றால் துண்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு முனை பிடரியில் விழும்படியும் காதை மூடும்படியும் கட்டுங்கள். கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் பழைய வழக்கத்தில் பிடரிக்கு முழு நிழல் கிடைத்தது. கிரிக்கெட் தொப்பி மூக்கை மட்டும் காக்கும்.

சரி, சன்ஸ்கிரீன் வாங்கலாமா வேண்டாமா?

விற்பவனே சொல்கிறேன்: எல்லாருக்கும் அவசியமில்லை. முகத்தில் மங்கு இருப்பவர், வெண்புள்ளி இருப்பவர், வெயிலில் ஒவ்வாமை வருபவர், நிறமே இல்லாத தோலோடு பிறந்தவர், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்குத் தேவை. நாள் முழுவதும் வெளியில் இருப்பவர் துணி மறைக்காத முகத்துக்கும் கையின் மேல்புறத்துக்கும் பூசலாம். அலுவலகத்துக்குள் இருப்பவர் அந்தப் பணத்தில் ஒரு நல்ல குடை வாங்கலாம்.

இது வேலை செய்யும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 1992-இல் தொடங்கி நாலரை ஆண்டுகள், 1,600-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதியினரைத் தினமும் பூச வைத்துப் பார்த்தார்கள். தினமும் பூசியவர்களுக்குச் செதிள் செல் புற்று ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ஆனால் அது பெரும்பாலும் வெள்ளைத் தோலுள்ள ஊர். அந்த எண்ணை அப்படியே பெயர்த்து நமக்கு ஒட்டக் கூடாது.

டியூப்பில் 30, 50 என்று போட்டிருப்பது என்ன? பிளஸ் குறிகள் எதற்கு?

எஸ்.பி.எஃப். என்ற எண், தோலைச் சிவக்க வைக்கும் யு.வி.பி. என்ற வகைப் புற ஊதாக் கதிருக்கானது. 15 போட்டது 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 போட்டது 97, 50 போட்டது 98. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் ஒரே ஒரு சதவீத வித்தியாசம். விலை வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பி.ஏ. என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் பிளஸ் குறிகள், ஆழமாக ஊடுருவும் யு.வி.ஏ. கதிருக்கானவை. மூன்று பிளஸ் இருந்தால் நல்லது.

எண்ணைவிட அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் அது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளை அளவு. பெரும்பாலோர் பொட்டு வைப்பதுபோல ஐந்து இடத்தில் தொட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். ஐம்பது என்ற எண் அதோடு எங்கோ போய்விடும். கிளம்புவதற்குக் கால் மணி முன்பு பூச வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். மங்கு இருப்பவர்கள், இரும்பு ஆக்ஸைடு சேர்த்துத் தோல் நிறத்தில் வரும் வகையைக் கேட்டு வாங்கலாம். மங்கைக் கூட்டுவதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு இருக்கிறது, சாதாரண வகை அதைத் தடுப்பதில்லை. டியூப்பை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள், மருந்து கெட்டுவிடும்.

ஒரு வேண்டுகோள்: சன்ஸ்கிரீன் கேட்டு வந்துவிட்டு, “கூடவே வெள்ளையாக்கும் கிரீம்” என்று கேட்காதீர்கள். மருத்துவர் சீட்டில்லாமல் கைமாறும் ஸ்டீராய்டு டியூப்கள் தோலை மெலிய வைத்து, பிறகு வெயிலில் தலைகாட்ட முடியாமல் செய்துவிடும்.

தேங்காய் எண்ணெய், மஞ்சள், எலுமிச்சை?

எண்ணெய் வறட்சிக்கு நல்லது, வெயிலுக்கு நம்ப முடியாது. மஞ்சள் பூசினால் மஞ்சளாக இருக்கும். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள ஒரு பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பி, கறுத்த தடம் மாதக்கணக்கில் நிற்கும். நிறம் வரவேண்டும் என்று தடவிவிட்டு, நெற்றியிலிருந்து வழிந்த கோட்டோடு கடைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் லாரி ஓட்டுகிறேன். கண்ணாடி ஏற்றித்தானே ஓட்டுகிறேன், எனக்கு என்ன?

சாதாரணக் கண்ணாடி யு.வி.பி.யைத் தடுத்து யு.வி.ஏ.வை உள்ளே விடும். முன்கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது என்பதால் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படி அல்ல. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது முதியவரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருடைய இடக் கன்னம் வலக் கன்னத்தைவிட இருபது வயது மூத்ததுபோலச் சுருங்கித் தொங்கியிருந்தது. நமக்கு இருக்கை வலப்பக்கம். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும்போது கண்ணாடியில் உங்கள் இரு கன்னங்களையும், முழங்கை வரை இரு கைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலக்கைக்கு மட்டும் ஒரு கையுறை போட்டுக்கொள்ளும் ஓட்டுநர்கள் விவரமானவர்கள்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறோம். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் அதிகம் என்கிறார்கள்.

கண் கூசும் அளவுக்குப் புற ஊதா திரும்புவதில்லை. ஆற்று நீர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே திருப்பி அனுப்பும். உங்களுக்கு ஆபத்து மேலிருந்து நேராக வருவதுதான், நிழலே இல்லாமல் மணிக்கணக்கில். குளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: அரை மீட்டர் ஆழத்தில்கூட மேலே இருக்கும் புற ஊதாவில் 40 சதவீதம் இருக்கும். குளிர்ந்த நீர் சூட்டை எடுத்துவிடும், கதிரை எடுக்காது. எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு மதியம் பாறையில் காய்வதை விட்டு, நிழலில் உட்காருங்கள்.

வெயில் பட்டால் முகமும் கழுத்தும் அரித்துத் தடிக்கிறது. இது புற்றுநோயாக மாறுமா?

பெரும்பாலும் இது வேறு சங்கதி. நம் பக்கம் வரப்பு, தரிசு, சாலையோரம் எங்கும் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறது. அதன் தூள் காற்றில் வந்து, மூடாத இடங்களில் மட்டும் படுவதால், வெயில் அலர்ஜி என்று தோன்றும். வெயில் அதைக் கிளறியும் விடும். மாங்காய் பறிக்கும்போது தெறிக்கும் பாலும் தோலைச் சுட்டுக் கறுக்க வைக்கும். உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டாக்ஸிசைக்ளின் போன்ற சில மாத்திரைகளும், ஹைட்ரோகுளோரோதயாசைடு சேர்ந்த ரத்த அழுத்த மாத்திரைகளும் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். மாத்திரை தொடங்கிய பிறகு இப்படி வந்தால் நீங்களாக நிறுத்தாமல், அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு. அதனால் தோல் புற்று வருமா?

ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். தோல் புற்றுக்குக் காரணமாவது ஆர்சனிக் கலந்த நீர். மேற்கு வங்கத்தின் துயரம் அது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெயிலே படாமல் மூடிக்கொண்டால் வைட்டமின் டி கிடைக்காதே?

வயலில் வேலை செய்பவருக்கு இந்தக் கவலையே தேவையில்லை, மூடிய பிறகும் போதுமானது கிடைக்கும். ஓசூர்த் தொழிற்சாலைக்குள் பகல் முழுவதும் இருப்பவருக்கும், வீட்டை விட்டு வெளியே வராத முதியவருக்கும் குறைய வாய்ப்பு உண்டு. அந்த வைட்டமினை உண்டாக்குவது யு.வி.பி.; விடியற்கால இளவெயிலில் அது மிகக் குறைவு, ஜன்னல் கண்ணாடி வழியே வருவதில் இல்லவே இல்லை. வாரத்தில் சில நாள் முற்பகலில் சிறிது நேரம் கை, கால்களில் வெயில் பட்டால் ஆயிற்று. குறைவு உறுதியானால் மாத்திரை இருக்கிறது.

குழந்தைகளுக்கு?

ஆறு மாதம் வரை சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழல் போதும். பள்ளி விளையாட்டு நேரம் நடுப்பகலில் இல்லாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் பொறுப்பு.

பால்போன்ற தோலும் வெளிர் முடியுமாகப் பிறந்த குழந்தைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அல்பினிசம் என்ற இந்த நிலையில் மெலனின் உண்டாவதில்லை. நம் வெயிலில் இவர்களுக்கு இருபது, முப்பது வயதிலேயே தோல் புற்று வரலாம். சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாகத் தென்படுவதற்கு மரபணுக் காரணம் உண்டு. சாபம் எதுவும் இல்லை. முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் நான்கும் இவர்களுக்கு அரிசி பருப்பு மாதிரி. வகுப்பில் கரும்பலகை தெரியாது என்பதால் முன் பெஞ்சும், ஜன்னலோரம் இல்லாத இடமும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோல் மருத்துவர் பார்க்க வேண்டும். வயல் வேலைக்கு இவர்களை அனுப்பாதீர்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் படிக்க வையுங்கள்.

கண்ணுக்கும் கெடுதியா?

ஆம். கருவிழியை நோக்கி வளரும் சதைக்கும் கண்புரைக்கும் புற ஊதாவுக்குப் பங்கு உண்டு. யு.வி. 400 என்று எழுதிய கண்ணாடி வாங்குங்கள். வெறும் கறுப்பு நிறம் மட்டும் உள்ளது பாவையை விரியச் செய்து, கதிரைக் கூடுதலாக உள்ளே விடும்.

உடம்பில் ஏகப்பட்ட மச்சமும் மருவும் இருக்கிறது. எதைப் பார்த்துப் பயப்படுவது?

பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சம் அப்படியே இருந்தால் விடுங்கள். வயதானவர் கன்னத்தில் மிளகு தூவியதுபோல வரும் கறுப்பு மருக்கள், கழுத்தில் தொங்கும் பாலுண்ணிகள் ஆகியவை தீங்கற்றவை. அவற்றின் மேல் சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும் முடியால் கட்டி அறுப்பதும்தான் தீங்கு.

மாறுவதைப் பாருங்கள். ஒரு பாதி மறுபாதியைப்போல இல்லாதது, ஓரம் மைசிந்தியதுபோலக் கலைந்தது, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம், ஆறு மில்லிமீட்டரைத் தாண்டி வளர்வது, அரிப்பது, கசிவது ஆகியவை சந்தேகத்துக்குரியவை. நம்மவர்கள் இவற்றைத் தேட வேண்டிய முதல் இடம் உள்ளங்கால். வெறுங்காலோடு நடப்பவர் காலில் முள் குத்திய தடம், ஆணி, வெடிப்பு எல்லாம் இருக்கும். அதற்கு நடுவே விரியும் ஒரு கரும்புள்ளியை யார் கவனிப்பது? வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நகத்தின் நீளவாக்கில் கறுப்புக் கோடு பலருக்கும் இயல்பாகவே இருக்கும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாவதும், கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் இறங்குவதும் அப்படி அல்ல. உள்ளங்கால், நகத்தடி மெலனோமாவுக்கு வெயில் காரணம் இல்லை என்பதால் எந்த சன்ஸ்கிரீனும் இதைத் தடுக்காது. பார்ப்பது ஒன்றே வழி.

சிறுவயதில் அடுப்பில் சுட்ட தழும்பு. இப்போது அதில் புண்.

காத்திருக்க வேண்டாம். பெரிய தீக்காயத் தழும்பில் முப்பது ஆண்டுகள் கழித்துக்கூடச் செதிள் செல் புற்று வரும். மார்ஜோலின் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1828-இல் எழுதியதால் அவர் பெயரில் அழைக்கிறார்கள். தொழுநோயால் மரத்த பாதத்திலும், நரம்பு சுருண்ட காலிலும் ஆண்டுக்கணக்கில் இருக்கும் புண்களும் அப்படி மாறலாம். சர்க்கரைக்காரர்கள் “இது சர்க்கரைப் புண்தான்” என்று தாங்களே முடிவு கட்டுவது வழக்கம். ஒரு மாதம் முறையாகக் கட்டுப்போட்டும் ஆறாத எந்தப் புண்ணும் மருத்துவர் கண்ணில் பட வேண்டும். கீழுதட்டில் ஆறாத வெடிப்பும் இதில் சேரும், பீடி பிடிப்பவருக்கு இன்னும் கூடுதலாக.

பாவாடை நாடா கட்டும் இடத்தில் கறுத்துத் தடித்திருக்கிறது. அதுவுமா?

பெரும்பாலும் வெறும் உராய்வுத் தடம். மிக அரிதாக, பல ஆண்டுகள் புண்ணாகி ஆறி, மீண்டும் புண்ணான பிறகு, புற்றாக மாறியிருக்கிறது. மும்பையில் கானோல்கர் என்ற நோயியல் அறிஞர் 1945-இலேயே வேட்டி கட்டும் இடுப்பில் வரும் புற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், முடிச்சை நாளுக்கு நாள் இடம் மாற்றுங்கள்.

சதை எடுத்துச் சோதித்தால், கத்தி பட்டுப் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துண்டு எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல், அன்றே வீட்டுக்குப் போகலாம். “கத்தி வைத்ததும் பரவிவிட்டது” என்று சொல்லப்படும் கதைகளில் நடந்தது வேறு: அது முன்னரே பரவிய பிறகுதான் கத்தி வைக்க ஒப்புக்கொண்டார்கள். அடிச்செல் புற்றையும் தொடக்க நிலைச் செதிள் செல் புற்றையும் முழுதாக வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள்.

எங்கே போவது? செலவு?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தோல் நோய்ப் பிரிவு என்று கேட்டுச் சீட்டு வாங்குங்கள். அங்கிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். சூளகிரி, ஓசூர் பக்கத்தவர்கள் பெங்களூருவின் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவதுண்டு. மாநிலம் தாண்டி அட்டை செல்லுமா என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் ஏற முடியாத முதியவர் என்றால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீட்டுக்கு வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளரிடம் புண்ணையும் காட்டுங்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அவர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருத்துவரிடம் போகும்போது புண் எப்போது வந்தது, அங்கே முன்பு தழும்பு இருந்ததா, என்னென்ன பூசினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கைபேசியில் மாதம் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள். அன்று காலை மட்டும் புண்ணில் மஞ்சளோ சுண்ணாம்போ வேறு எந்தக் களிம்போ பூசாமல் போங்கள். பூசியிருந்தால் ஓரமும் நிறமும் தெரியாமல், கழுவிவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.